காஸ் எங்கே போயிற்று?

உங்கள் வீட்டு எண்ணெய்த் தூக்கில் ஓட்டை விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வீர்கள்? குறையக் குறைய மேலே எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருப்பீர்களா? 'இது என்ன அசட்டுக் கேள்வி!' என்று நீங்கள் சிரிப்பது என் காதில் விழுகிறது. நன்றாகச் சிரியுங்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம். அதுவும் ஒரு தடவை அல்ல, மூன்று கோடைகள்!

எங்களிடம் 2009-ல் வாங்கிய சின்னக் கார் ஒன்று இருக்கிறது. வயசானாலும் சாது. கிளம்பு என்றால் கிளம்பும். நில் என்றால் நிற்கும். சித்திரை பிறந்தால் மட்டும் அதன் ஏ.ஸி.க்கு ஜன்னி கண்டுவிடும். உஷ்ணக் காற்றாக ஊதும். இவர் வழக்கமான கடைக்கு ஓட்டிக்கொண்டு போவார். "காஸ் தீர்ந்துபோச்சு ஸார், அடைச்சால் சரியாயிடும்" என்பார்கள். 2,000 ரூபாய் கைமாறும். கொஞ்ச காலம் சில்லென்று இருக்கும். அப்புறம் மழை வந்துவிடும், ஏ.ஸி.யை யார் நினைத்தார்கள்? அடுத்த சித்திரையில் பழைய குருடி, கதவைத் திறடி!

வெறும் சொகுசு விஷயமாக இருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். என் மாமனாருக்கு 78 வயது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாததால் வாரத்தில் மூன்று நாள் டயாலிஸிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். இவருக்கு ஆபீஸ், ஆகையால் சாரதி நான்தான். முடிந்து வெளியே வரும்போது மாமா துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருப்பார். உச்சி வெயிலில் மாம்பலம் வந்து சேர முக்கால் மணி ஆகும்.

2024 மே மாதம், அக்கினி நட்சத்திரம். காஸ் அடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சிக்னலில் நிற்கிறோம், ஏ.ஸி. அனலைக் கக்குகிறது. எதற்குமே முணுமுணுக்காத மனிதர், "அம்மா, கொஞ்சம் ஓரமாக நிறுத்துகிறாயா?" என்றார். திரும்பிப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது; சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இஷ்டம்போலத் தண்ணீர் குடிக்கக்கூட அவருக்கு அனுமதி கிடையாதே! மர நிழலில் நிறுத்தி, ஆஸ்பத்திரி ஃபைலால் விசிறிக்கொண்டு நின்றேன். கண்ணைத் திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பயந்துவிட்டாயா?" என்பதுதான்.

அன்று இரவு வீட்டில் மந்திராலோசனை நடந்தது. "காரைத் தள்ளிவிட்டுப் புதிதாக வாங்கிவிடலாம்" என்றார் இவர். மருந்துச் செலவுக்கு நடுவே புதுக் கார்! நான் பதில் பேசவில்லை. மறுநாள் எதிர்வீட்டு மாமி சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு புதுப்பேட்டையில் ஒரு ஷெட்டைத் தேடிப் போனேன். அங்கே ஏ.ஸி. வேலையிலேயே தலை நரைத்த ஒரு பாய் இருந்தார்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மூணு வருஷமாக அடைச்ச காஸ் எங்கே போச்சும்மா?"

விழித்தேன். "காஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீருவதற்கு? ஒரே காஸ்தானே உள்ளேயே சுற்றிச் சுற்றி வருது? குறைஞ்சால் எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம்" என்றார்.

"எங்கள் கல்யாணத்துக்கு வாங்கிய ஃப்ரிஜ்ஜுக்கு நாங்கள் காஸே அடைத்ததில்லையே?" என்று மடக்கினேன். பாய் சிரித்தார். ஃப்ரிஜ் கம்ப்ரஸருக்குள்ளேயே மோட்டாரும் இருக்கிறதாம்; எல்லாவற்றையும் இரும்புக் கூட்டுக்குள் வைத்து ஒட்டி மூடிவிடுகிறார்கள். கார் கம்ப்ரஸரை எஞ்ஜின்தான் பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. அதனால் அதன் அச்சு வெளியே எட்டிப் பார்த்தே ஆகவேண்டும். எட்டிப் பார்க்கிற இடத்தில் காஸ் தப்பாமல் காவல் நிற்பது விரலளவு ரப்பர் வளையம் ஒன்று. அதற்கு 'ஷாஃப்ட் ஸீல்' என்று பெயர். குக்கருக்கு காஸ்கெட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பானெட்டைத் திறந்ததும் அவர் மீட்டரைத் தேடவில்லை. விரலால் கம்ப்ரஸர் மூக்கைத் தடவிக் காட்டினார். கரேலென்று எண்ணெய்ப் பிசுக்கு! காஸோடு கொஞ்சம் எண்ணெயும் சேர்ந்தே சுற்றுகிறது. காஸ் கசிகிற இடத்தில் எண்ணெயும் கசிந்து புழுதியை இழுத்துக்கொள்கிறது. பானெட்டின் அடிப்புறத்திலும் அதே நேரே எண்ணெய்ப் பொட்டுகள் வரிசையாகத் தெறித்திருந்தன. "சந்தேகம் தெளியணும்" என்று, சாயம் கலந்து கொஞ்சம் காஸ் ஏற்றி, நாலு நாள் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். போனோம். ஷெட்டை இருட்டாக்கி, ஊதா வெளிச்சம் தரும் விளக்கை அடித்தார். குழாய் இணைப்புகளில் ஒன்றுமில்லை. கம்ப்ரஸர் மூக்கில் மட்டும் மின்மினி போல் பச்சையாக ஒளிர்ந்தது. மூன்று வருஷத் திருடன் அகப்பட்டான்!

ஆனால், கண்டுபிடித்தால் மட்டும் போதுமா? "அச்சில் கீறல் விழுந்திருந்தாலும், எண்ணெயில் இரும்புத் தூள் இருந்தாலும் கம்ப்ரஸரையே மாத்தணும்" என்று குண்டைத் தூக்கிப் போட்டார் பாய். கிட்டத்தட்ட 18,000 ரூபாய். மிச்சமிருந்த காஸை வெளியே விடாமல் இயந்திரத்தால் இழுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, கம்ப்ரஸரைக் கழற்றினார். எண்ணெயை வெள்ளைக் கிண்ணத்தில் வடித்து, எவ்வளவு என்று அளந்து குறித்துக்கொண்டார். கிண்ணத்தை நான் பார்த்த பார்வை, பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளையின் பார்வை! எண்ணெய் சுத்தம். அச்சு கண்ணாடிபோல் வழவழப்பு. ஸீல் மட்டும் காய்ந்து, ஓரம் வெடித்திருந்தது.

புது ஸீலை எண்ணெயில் நனைத்துப் பொருத்தினார். கழற்றிய இணைப்புகளுக்கெல்லாம் புது வளையம். ஈரத்தை உறிஞ்சும் டிரையர் என்ற சிறு குப்பியையும் மாற்றினார். அதன்பின் பம்பு வைத்து முக்கால் மணி உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்தார். பம்பை நிறுத்தி அரைமணி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். முள் அசையவில்லை. பிறகுதான் காஸ், அதுவும் குத்துமதிப்பாக அல்ல, பானெட்டுக்கடியில் ஒட்டியிருந்த சீட்டில் எழுதியிருந்த எடை பிசகாமல் தராசில் வைத்து. மொத்தச் செலவு 6,500 ரூபாய்.

ஒழுகின காஸ் நம் பணம் மட்டும் அல்ல என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். பழைய காலத்துக் கார்களில் இருந்த காஸ் ஓஸோன் படலத்தை அரித்தது. 1987-ல் மாண்ட்ரீலில் செய்த ஒப்பந்தத்தால் அது விலக்கப்பட்டது. எங்கள் காரில் இருப்பது ஓஸோனுக்குச் சாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் 1,300 மடங்குக்குக் குறையாது. மூன்று வருஷமாக நாங்கள் ஊருக்கே வெயிலைச் சேர்த்து வைத்திருக்கிறோம்!

கிளம்பும்போது கேட்டேன்: "ஸீல் ஏன் பாய் காய்ந்தது?"

"ஐப்பசி முதல் மாசி வரை ஏ.ஸி.யே போடமாட்டீங்களோ? சுற்றினால்தானேம்மா எண்ணெய் ஸீலை நனைக்கும்? சும்மா கிடந்தால் ரப்பர் காயும். பதினைஞ்சு வருஷ ரப்பர் வேறே."

எனக்குச் சுருக்கென்றது. மழைக்காலத்தில் ஏ.ஸி.யை இவர் தொட்டால், "பெட்ரோல் என்ன விலை விற்கிறது!" என்று கையைத் தட்டிவிட்டு அணைப்பவள் யார் என்று நினைக்கிறீர்கள்? கடைக்காரரைத் திட்டினேன், காரைத் திட்டினேன், இவரையும் விடவில்லை. மரத்தடியில் மாமா மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்ததற்கு என் சிக்கனமும் ஒரு காரணம் என்பதை வீட்டில் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. மாமா கேட்டுவிட்டு, "அவ்வளவுதானே? ரப்பருக்கும் வாரம் ஒரு எண்ணெய் ஸ்நானம் வேண்டும் என்கிறாய்!" என்று முடித்துவிட்டார்.

அன்று முதல் எங்கள் கார் சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக்கொள்கிறது. மழையானாலும் பனியானாலும் பத்து நிமிஷம் ஏ.ஸி. ஓடும். உங்கள் வீட்டிலும் பழைய கார் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். 'காஸ் தீர்ந்துவிட்டது' என்று யாராவது சொன்னால், 'எங்கே போயிற்று?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்த கோடையில் டயாலிஸிஸ் முடிந்து திரும்பும்போதெல்லாம் மாமா காரிலேயே தூங்கினார். மார்கழிச் சனிக்கிழமைகளில்தான் கொஞ்சம் தகராறு. மப்ளரைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஸ்நானம் முடிந்ததா அம்மா?" என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்பார்.