ஓரத்தில் நிற்பவன்

கபடி பார்க்க வருகிற சனம் பாடிப் போகிறவனைப் பார்க்கத்தான் வருகிறது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ கழகங்களுக்கிடையே சுற்றுப்போட்டி நடந்தால் ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பக் கேட்பது அவன் பெயர்தான். ஏழு பேர் நிற்கிற இடத்துக்குள் ஒற்றை ஆளாகப் புகுந்து, ஒருவனைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குப் பாய்கிறவனைக் கொண்டாடுவதில் பிழையில்லை. ஆனால் எதிரே ஓரத்தில் காலை அகட்டிக் குனிந்து நிற்கிறானே, 'கார்னர்', அவனுடைய தொழிலை நாங்கள் இன்னும் எண்ணிக் கணக்கிடப் பழகவில்லை என்பதுதான் என் வழக்கு. எண்ணாத வேலைக்குக் கூலி குறையும். கூலி குறைந்த வேலையைப் பழகப் பெடியன்களும் வரமாட்டார்கள்.

அந்த வேலையைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். நடுக்கோட்டிலிருந்து பின்கோடு வரை ஆறரை மீற்றர். பாடுகிறவனுக்கு 30 செக்கன். அவன் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஒரு காலை நீட்டும்போது புதிதாகப் பழகுகிற பெடியன் உடனே அந்தக் காலில் விழுவான். தொடுபுள்ளியைக் கொடுத்துவிட்டு வெளியே போவான். தேர்ந்தவன் காலையும் பார்ப்பதில்லை, கண்ணையும் பார்ப்பதில்லை. இடுப்பைப் பார்க்கிறான். கண் பொய் சொல்லும், இடுப்பால் சொல்ல முடியாது. உடம்பின் பாரம் அந்தக் காலில் இறங்குகிற நேரத்தில் இரண்டு கையும் கணுக்காலுக்கு மேல் பூட்டாக விழ வேண்டும், தலை வெளிப்பக்கம் சாய வேண்டும், பாதம் தரையை விட்டுக் கிளம்ப வேண்டும். கையும் காலும் மட்டும் கண்ட கதை இது. இதற்கு முன்னால் இன்னொன்று நடந்திருக்கிறது. மறுபக்கத்தில், ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையில் நிற்கிற 'கவர்' அரை அடி முன்னால் வந்து மிரட்டியிருக்கிறான். அவனுக்கு விலகித்தான் பாடுகிறவன் இந்த ஓரத்துக்கே வந்தான். பிடி விழுந்ததும் அதே கவர் வந்து நெஞ்சால் மோதாவிட்டால், பாடுகிறவன் எல்லோரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொடுவான், மேலே கை வைத்த அத்தனை பேரும் வெளியே. பிடி விழுந்தால் அணிக்கு ஒரு புள்ளி. தாளில் ஒரு பெயர். அரை அடி வைத்தவனுக்கு எதுவுமில்லை.

இந்தக் குறை எங்களுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க உதைபந்தாட்டத்தில் 'டைட் எண்ட்' என்று ஓர் இடம் உண்டு. எதிரணியைத் தடுக்கும் ஐந்து பேர் கொண்ட மதிலின் ஓரத்தில் அவன் நிற்பான். ஒரு முறை மதிலோடு மதிலாக நின்று மோத வேண்டும். அடுத்த முறை ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்க வேண்டும். இரண்டு தொழில், ஒரு உடம்பு. நியூ ஓர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் ஜிம்மி கிரகாம் 2013 பருவத்தில் 16 'டச்டவுன்' (எதிரணியின் கடைசிக் கோட்டைக் கடந்து எடுக்கும் புள்ளி) பிடித்தார். அந்த லீக்கில் வேறெவரும் அந்த ஆண்டு அவ்வளவு பிடிக்கவில்லை. மறு ஆண்டு சம்பளப் பேச்சில் அவர் டைட் எண்டா, பந்து பிடிக்க மட்டும் ஓடுகிற 'வைட் ரிசீவரா' என்று வழக்கு எழுந்தது. டைட் எண்ட் என்றால் ஏறத்தாழ 70 இலட்சம் டொலர், ரிசீவர் என்றால் 123 இலட்சம். நடுத்தீர்ப்பாளர் டைட் எண்ட் என்றே தீர்ப்பளித்தார். என்ன செய்தார் என்பதை விட எங்கே நின்றார் என்பதற்குத்தான் விலை. எங்கள் ஊர் மைதானத்துக்கு இதை மொழிபெயர்க்கத் தேவையில்லை.

'விலை குறைவென்றால் மதிப்பும் குறைவுதானே, புள்ளி எடுக்கிறவன்தானே வெல்ல வைக்கிறான்' என்பார்கள். 2023 ஒக்ரோபரில் இந்தியாவின் புரோ கபடி லீக் ஏலத்தில் பவன் செராவத்தை 2.605 கோடி இந்திய ரூபாய்க்கு தெலுகு டைட்டன்ஸ் வாங்கியது. பாடுவதில் அவரை விடக் கெட்டிக்காரர் அன்று குறைவு. அந்தப் பருவத்தில் டைட்டன்ஸ் கடைசி இடம். அதே ஏலத்தில் ஈரானின் முகமதுரேசா சாத்லூயியை 2.35 கோடிக்கு எடுத்த புனேரி பல்டன் கிண்ணத்தை வென்றது. சாத்லூயி இடது ஓரத்தில் நின்று பிடிப்பவர், தேவைப்பட்டால் பாடவும் போவார். மறு பருவம் அவரை எடுத்த ஹரியானா ஸ்டீலர்ஸும் வென்றது. இரண்டு கிண்ணத்தை ஒருவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனாலும் 'புள்ளி எடுக்கிறவன் வெல்ல வைக்கிறான்' என்ற வாதம் இதோடு நொண்டத்தான் செய்கிறது.

'அப்படியென்றால் ஓரத்துக்காரனுக்கும் கோடி கிடைக்கிறதே, குறை எங்கே?' என்ற மறு கேள்வி நியாயமானது. சாத்லூயிக்குக் கிடைத்தது கணக்கில் ஏறிய பிடிகளுக்கான விலை. பாடுகிறவனை அவர் கைக்குத் தள்ளிவிட்ட கவர்களின் பெயர் ஏலத்தில் அவ்வளவு உரக்கக் கேட்கவில்லை.

விலையை விடுங்கள், ஆட்ட ஆயுளைப் பாருங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தருமராஜ் சேரலாதன் 1975இல் பிறந்தவர், ஓரத்தில் நின்று பிடிப்பவர். 2016இல் 41 வயதில் பட்னா பைரேட்ஸின் தலைவராகக் கிண்ணம் வாங்கினார். அதே ஆண்டு உலகக் கிண்ணம் வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2019இல் 44 வயதில் ஹரியானா ஸ்டீலர்ஸுக்குத் தலைமை தாங்கினார். 2016இல் அவர் தலைமையில் பாடியவர் பர்தீப் நர்வால், புரோ கபடி லீக்கின் வரலாற்றிலேயே அதிக ரைடுப் புள்ளி எடுத்தவர். 2025 ஏலத்தில் அவரை எடுக்க ஆளில்லை. 28 வயதில் ஓய்வை அறிவித்தார். அமெரிக்காவில் டோனி கொன்சாலஸ் டைட் எண்டாக 17 பருவம் ஆடி 1,325 பந்து பிடித்தார். இரண்டு மூன்று பேரை வைத்து விதி எழுத முடியாது என்பது தெரியும். பாடிப் போகிறவரான அனுப் குமாரும் 35 வயது வரை ஆடினார். ஆனால் அவர் பாய்ச்சலை நம்பியவர் அல்லர், காத்திருந்து கணக்குப் பார்த்து ஆடியவர். கால் வேகம் வயதோடு போகும். இடுப்பைப் பார்க்கும் கண் போவதற்கு நாளாகும்.

வன்னியில் இந்தத் தொழிலைப் பழகுவதில் ஒரு சிக்கலும் உண்டு. முல்லைத்தீவுக் கரையோர மணலில் பாடுகிறவனின் கால் புதையும். பிடிக்கிறவனுக்கு அது இலேசு. வவுனியாவின் இறுகிய தரையில் விழுந்தால் முழங்கை உரியும் என்று பிடிக்கவே தயங்குவார்கள். பெரிய போட்டிகள் நடப்பதோ மெத்தையில். அங்கே சப்பாத்து வழுக்காது, பாடுகிறவன் சட்டென்று திரும்பிவிடுவான். மணலில் வென்ற பிடி மெத்தையில் அரைச் செக்கன் பிந்தும். அதனால் பிடிக்கிறவனுக்குத்தான் மெத்தைப் பயிற்சி முதலில் தேவை. நாங்களோ மெத்தை கிடைத்தால் பாடுகிறவனைத்தான் முதலில் ஏற்றுகிறோம்.

மெத்தைக்குக் காசு வேண்டும். தாளுக்கு வேண்டாம். புள்ளி எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தொடுகை, போனஸ், பிடி என்ற நிரல்களுக்குப் பக்கத்தில் 'துணை' என்று இன்னொரு நிரல் கீறுங்கள். பிடி விழும்போது அரை அடி முன்னால் வைத்தவனின் இலக்கத்தை அதில் எழுதுங்கள். அடுத்த மாவட்டத் தெரிவுக்கு அந்தத் தாளையும் கையில் கொண்டு போங்கள்.