ஒரு பென்னிப் பயணம்

இங்கிலாந்தின் டெர்பிஷயர். மலைச்சரிவில் கிரிச் கிராமம். சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்த குவாரிக்குள் ஒரு டிராம் அருங்காட்சியகம். அதில் ஒரு நகரத் தெரு. கல் பாவிய தரை, நடுவே தண்டவாளம், மேலே மின்கம்பி. ஒரு பக்கம் டெர்பி நகரத்துப் பழைய மண்டபத்தின் முகப்பு. மண்டபம் 1963இல் தீப்பிடித்தது. முகப்பு மட்டும் பிரிக்கப்பட்டு இங்கே வந்து நிற்கிறது. பின்னால் மண்டபம் இல்லை.

நுழைவாயிலில் ஆளுக்கு ஒரு பழைய பென்னி தருகிறார்கள். பெரிய, கறுத்த செம்பு நிற நாணயம். 1971இல் செல்லாக்காசானது. இங்கே டிராமுக்குள் இன்னும் செல்லும்.

நடத்துநருக்கு எழுபது வயது இருக்கும். தொப்பி, டை, தோளில் தோல்பை. சம்பளம் இல்லை. சிறுவன் ஒருவன் பென்னியைத் தர மறுக்கிறான். விரல்கள் இறுக மூடியிருக்கின்றன. அப்பா வங்கி அட்டையை நீட்டுகிறார். நடத்துநர் அட்டையைப் பார்க்கவேயில்லை. சிறுவனின் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். வண்டி நிறைய ஆட்கள். யாருக்கும் அவசரமில்லை. கடைசியில் விரல்கள் பிரிகின்றன.

மணி இரண்டு முறை அடிக்கிறது. வண்டி நகர்கிறது.

ஏறத்தாழ ஒரு மைல் போனதும் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. வண்டி திரும்ப இடமில்லை. நடத்துநர் இறங்கி, கூரைக் கோலின் கயிற்றைப் பிடித்து அண்ணாந்தபடி அரைவட்டம் நடக்கிறார். கோலின் முனை கம்பியைத் தொடவில்லை. மறுபடி இழுக்கிறார். தொடுகிறது. ஓட்டுநர் பித்தளைக் கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு மறுமுனைக்கு நடக்கிறார். இருக்கைகளின் முதுகுப்பலகைகள் டக் டக்கென்று எதிர்ப்பக்கம் சாய்கின்றன. பயணிகள் எழுந்து நின்று, மறுபடி உட்கார்கிறார்கள். வண்டி வந்த வழியே போகிறது.

கொட்டகையில் சவுத்தாம்ப்டன் 45 என்ற டிராம். மாடிக்குக் கூரை கிடையாது. 1948இல் சில ஆர்வலர்கள் இதைப் பத்து பவுண்டுக்கு வாங்கினார்கள். வாங்கியபின் நிறுத்த இடம் தேடினார்கள். 1955இல் சங்கம் அமைத்தார்கள். 1959இல் இந்தக் குவாரி கிடைத்தது. அதற்குள் லண்டன் 1952இல் கடைசி டிராமை அனுப்பிவிட்டது. ஷெஃபீல்டு 1960, கிளாஸ்கோ 1962. நகரங்கள் காயலான் கடைக்குத் தள்ளத் தள்ள, இவர்கள் ஒன்றிரண்டை இழுத்து வந்தார்கள். 1964இல் குவாரிக்குள் மின்சார டிராம் ஓடியது.

ஷெஃபீல்டு 510 பக்கத்திலேயே நிற்கிறது. நகரம் தன் கடைசி டிராம் ஊர்வலத்துக்காக உடம்பில் படம் எழுதி அலங்கரித்த வண்டி. அலங்காரம் இன்னும் அழியவில்லை.

செஸ்டர்ஃபீல்டு 7 ஓய்வுபெற்றபின் வீடாக இருந்தது. ஆட்கள் குடியிருந்தார்கள். லண்டன் 106 பனி தள்ளும் வண்டியானது. இரண்டும் மறுபடி டிராமாகிவிட்டன.

பட்டறை. மேலே பார்வையாளர் மாடம். கீழே அடிச்சட்டத்தைவிட்டுத் தூக்கி முட்டுக்கட்டைகள்மேல் வைத்த ஒரு வண்டியுடல். சக்கரங்கள் வேறு மூலையில். மரத்தூள், எண்ணெய், வார்னிஷ் வாசனை.

ஒரு பெரியவர் கதவுச் சட்டத்தைச் சுரண்டுகிறார். பச்சை போகிறது, அடியில் பழுப்பு. பழுப்புக்கு அடியில் வெள்ளை. வெள்ளைக்கு அடியில் ஒரு சிவப்பு. கை நிற்கிறது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முகத்தைச் சட்டத்தோடு ஒட்டிப் பார்க்கிறார். நிற அட்டையை எடுக்கிறார். நாலு சிவப்புகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைக்கிறார். நாலும் இல்லை. அட்டையை மேசைமேல் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போகிறார்.

இன்னொருவர் பக்கப்பலகைக்குப் பட்டி பார்க்கிறார். தேய்க்கிறார், தடவிப் பார்க்கிறார், தேய்க்கிறார். கண்ணை மூடிக்கொண்டுதான் தடவுகிறார். உப்புத்தாள் மடிப்பில் கிழிகிறது. புதுத்தாள்.

மாடத்திலிருந்து ஒரு பெண் கீழே கேட்கிறாள்: இது எப்போது ஓடும்? மூன்று பேர் நிமிர்கிறார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒருவர் நாள் சொல்லாமல் கையசைக்கிறார். பெண்ணும் கையசைக்கிறாள்.

கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்ட மனிதர் கதவுக்குப் பித்தளைத் தகடு பொருத்துகிறார். ஆறு திருகாணிகள். திருகாணித் தலைகளின் கீறல் எல்லாம் செங்குத்தாக நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. தள்ளி நின்று பார்க்கிறார். ஐந்தாவதைக் கொஞ்சம் திருப்புகிறார். தள்ளி நிற்கிறார்.

நிறம் கிடைக்காதவர் தேநீர்க் கோப்பையோடு வருகிறார். கீறல் படுக்கையாக இருக்க வேண்டும் என்கிறார். மற்றவர் செங்குத்து என்கிறார். கோப்பை ஆறுகிறது. பட்டி பார்க்கிறவர் அலமாரியிலிருந்து 1900களின் தெருப் புகைப்படம் ஒன்றைக் கொண்டுவருகிறார். அதில் வண்டி இருக்கிறது, கதவு இருக்கிறது, கதவில் தகடும் இருக்கிறது. திருகாணிகள் தெரியவில்லை.

லென்ஸ் எடுத்துவர ஆள் போயிருக்கிறது.