உடையார்கட்டுக் கராஜில் ஒரு ஹெலிகொப்டர் தொழிலாளி

2025ஆம் ஆண்டு நவம்பர்க் கடைசியில் டித்வா புயல் இலங்கைத் தீவை வெள்ளத்திலும் மண்சரிவிலும் ஆழ்த்திய நாட்களில், பாதைகள் அறுந்துபோன ஊர்களிலிருந்து ஜனங்களை இலங்கை விமானப்படையினதும் இந்திய விமானப்படையினதும் ஹெலிகொப்டர்கள் ஏற்றிவந்த செய்திகளை வாசித்தபோது, அந்த யந்திரத்தை ஓட்டுகிறவர்களின் வீரத்தைப் புகழும் நாம், அதனை நாள்தோறும் பறக்கத் தகுந்த நிலையில் வைத்திருக்கிற தொழிலாளரைப் பற்றி ஒன்றுமே அறியாதிருக்கிறோம் என்ற எண்ணம் என்னை உறுத்திக்கொண்டேயிருந்தது. கிளிநொச்சியில் ஆசிரியராயிருக்கும் நண்பரிடம் இதைச் சொன்னேன். உடையார்கட்டில் லாண்ட்மாஸ்டர் என்னும் உழவு யந்திரங்களைத் திருத்தும் ஒருவர் கொங்கோ தேசத்தில் எம்.ஐ.-8 ஹெலிகொப்டருக்கு வேலை செய்தவர் என்று கூறி, அவரே என்னை அங்கு அழைத்துச் சென்றார்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் ஏ-35 பாதையில் விசுவமடுவைக் கடந்ததும் வருவது உடையார்கட்டு. தகரக் கூரையின் கீழ், கழற்றிப் போட்ட எஞ்சின்களும் நீரிறைக்கும் பம்புகளும் நிறைந்திருந்த அந்தக் கராஜுக்கும் வன்னியின் வேறெந்தக் கராஜுக்கும் முதற்பார்வையில் பேதம் தோன்றாது. பின்சுவரில் மாட்டியிருந்த பலகையைக் கண்ட பிறகுதான் இடத்தின் விசேஷம் புலப்பட்டது. ஒவ்வொரு ஸ்பனரின் உருவமும் ஒவ்வொரு குறட்டின் உருவமும் அப்பலகையில் கறுப்பு மையால் வரையப்பட்டிருக்க, அந்தந்தக் கருவி அந்தந்த உருவத்தின் மீதே தொங்கியது. வேலை முடிந்தபின் பலகையில் ஓர் உருவம் வெறுமையாய்த் தெரிந்தால், அந்தக் கருவி அகப்படும்வரை எந்த எஞ்சினையும் இயக்க அவர் விடுவதில்லை.

“ஹெலிக்குள்ள ஒரு ஸ்பனரை மறந்து விட்டா, தம்பி, அது மேல போனாப் பிறகுதான் தான் எங்க கிடக்கிறன் எண்டு காட்டும்,” என்றார்.

வெண்கட்டியை எடுத்துச் சீமெந்துத் தரையில் அவர் வரைந்து காட்டியதை இயன்றவரை சொல்லுகிறேன். சோவியத் ருஷ்யாவில் மிகயீல் மில் என்பவரின் வடிவமைப்பு நிலையத்தில் உருவாகி 1961இல் முதன்முதல் பறந்தது எம்.ஐ.-8, எஞ்சின்களை வலுப்படுத்தி வால்விசிறியை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றியமைத்ததால் அதிலிருந்து எம்.ஐ.-17 பிறந்தது. இவ்வினத்தில் 12,000க்கும் அதிகமான யந்திரங்கள் கட்டப்பட்டுள்ளன. இதற்கு முந்திய எம்.ஐ.-4இல் எஞ்சின் மூக்கிலே இருந்தது. எம்.ஐ.-8இலோ இரண்டு எஞ்சின்களும் கூரைமேல் அருகருகே ஏறிவிட்டமையால், கீழேயுள்ள அறை முழுவதும் பொருளுக்கும் மனிதருக்கும் இடமாயிற்று. பின்புறத்தில் இரண்டு பெருங்கதவுகள் அகலத் திறக்கின்றன. எம்.ஐ.-17 உள்ளே 4,000 கிலோ சுமையை ஏற்கும். வயிற்றின் கீழ்க் கம்பிவடத்தில் தொங்கவிட்டும் பாரத்தைக் கொண்டுபோகும். 24 படைவீரர் அமர்கிற அதே இடத்தில் ஆசனங்களை மடித்துவிட்டால் 12 நோயாளிகளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகலாம். இரண்டு எஞ்சின்களில் ஒன்று நின்றுபோனால் மற்றையது தானாகவே வேகமெடுத்துப் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும்.

என் மனத்தைக் கவர்ந்தது இறக்கைகளைப் பற்றிய விஷயம். 21 மீற்றருக்கும் அதிக விட்டத்தில் சுழலும் அந்த ஐந்து இறக்கைகளின் உள்ளே ஓடும் அலுமினிய முதுகெலும்பு வெறுங்குழாயாக இருக்கிறது. அதனுள் காற்றை அழுத்தி நிரப்பி மூடிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு வெடிப்பு விழுந்தாலும் காற்றழுத்தம் குறைய, இறக்கையின் அடியில் பொருத்திய குமிழில் சிவப்பு நிறம் வெளியே தெரியும். விடியற்காலையில் ஏணிவைத்து ஏறி, அந்த ஐந்து குமிழ்களிலும் சிவப்பு இல்லையென்று நிச்சயம் செய்வது அவருடைய முதல் வேலை.

அதைவிடவும் அவர் நேசித்தது ஒரு குறட்டை. கொங்கோவிலிருந்து அவர் கொண்டுவந்த பொருள்களில் இன்றைக்கும் தினந்தோறும் கையில் எடுப்பது அது ஒன்றுதான். ஹெலிகொப்டரின் அதிர்வில் எந்த ஆணியும் மெல்ல மெல்லக் கழன்றுவிடும் ஆதலால், ஆணித்தலைகளில் துளையிட்டு, மெல்லிய உருக்குக் கம்பியைக் கோத்து, ஒன்றையொன்று பிணைத்து முறுக்கிவிடுகிறார்கள். ஓர் ஆணி தளர எத்தனித்தால் அந்தக் கம்பி அடுத்த ஆணியை இறுக்கும் திசையில் இழுக்கும்படி முறுக்கின் வாக்கு அமையவேண்டும். குறட்டின் வாயால் கம்பியைக் கவ்வி, பிடியின் நடுத்தண்டை இழுத்தால் கம்பி சுழன்று சுழன்று ஒரே சீராக முறுகுகிறது. முறுக்கு குறைந்தால் கம்பி தளரும், மிகுந்தால் அறும். ஒருமுறை கழற்றிய கம்பியை மறுபடி பூட்டுவது பாவம் என்கிறார். உழவில் அதிர்ந்து அதிர்ந்து கழலும் லாண்ட்மாஸ்டர் ஆணிகளுக்கும் அவர் துளையிட்டு இப்படியே கம்பி பூட்டுகிறார். அவரிடம் வேலை பழகும் பையன்களில் மூத்தவன் என் கண்முன்னே பூட்டிய கம்பியைத் தடவிப் பார்த்து, ஒரு வார்த்தையும் பேசாமல் வெட்டியெறிந்து, “திரும்பப் போடு, அப்பன்,” என்றார்.

2002இல் ஏ-9 பாதை திறந்தபின் கொழும்புக்குப் போய், அங்கிருந்து முகவர் மூலம் சார்ஜா விமான நிலையத்தில் சுமை ஏற்றுகிறவராய்ச் சேர்ந்து, தொழில் பழகி, ஐக்கிய நாடுகளின் அமைதிப்பணிக்காக வாடகைக்கு அமர்த்தப்பட்ட ஹெலிகொப்டர்களுடன் கொங்கோ சென்றவர் அவர். மாவு மூட்டையும் எண்ணெய்ப் பீப்பாயும் ஏற்றியிருக்கிறார். 2006ஆம் ஆண்டுத் தேர்தலின்போது பாதையில்லாத காடுகளுக்கு வாக்குப்பெட்டிகளை அனுப்பியிருக்கிறார். காலையில் மூட்டை சுமந்த அறையைக் கழுவித் துடைத்து மாலையில் காயப்பட்டவர்களுக்காகப் படுக்கைகளைக் கொளுவியிருக்கிறார்.

வன்னி ஜனங்கள் போர்க்காலத்தில் அந்த யந்திரத்தை அறிந்த விதம் வேறு. 1987இல் இந்தியப் படையை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இறக்கியது எம்.ஐ.-8, 1996இல் முல்லைத்தீவு இராணுவ முகாம் வீழ்ந்தபோது அளம்பில் கரையில் படை இறங்கியதும் ஹெலிகொப்டர்களிலிருந்துதான். 2009 ஜனவரியில் அரசாங்கம் பாதுகாப்பு வலயமென்று பிரகடனம் செய்த நிலத்தினுள் உடையார்கட்டும் அடங்கியிருந்தது. இங்கே தற்காலிகமாக இயங்கிய மருத்துவமனையின் மீதும் எறிகணைகள் வீழ்ந்தன. அந்த மாதத்தில் அவர் கொங்கோவில் படுக்கை கொளுவிக்கொண்டிருக்க, காலில் காயப்பட்ட அவருடைய தமக்கையை லாண்ட்மாஸ்டர் பெட்டியில் கிடத்திக் கொண்டு ஓடினார்கள். புதுமாத்தளன் கரையில் செஞ்சிலுவைச் சங்கத்தார் கப்பலில் காயக்காரரை ஏற்றத் தொடங்கியது பெப்ரவரியில். “பன்னிரண்டு பேரைப் படுக்க வைக்கிற இடம் ஹெலிக்குள்ள இருக்கு. எனக்கு அது தெரியும்,” என்பதற்குமேல் அவர் அதைப்பற்றிப் பேசவில்லை. இத்தனை வேலைக்கும் பொருந்துமாறு ஓர் அறையை ஒழித்துவைத்த சிற்பியின் சாமர்த்தியம் எவ்வளவு பெரியதாயினும், அதனுள் யாரை ஏற்றுவது, யாரை விட்டுச்செல்வது என்பதைத் தீர்மானிப்பவன் மனிதனே. அவனுடைய தீர்மானத்தை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

கூலியின் கதையும் என்னைக் கொதிக்கச் செய்தது. யந்திரத்தின் சொந்தக்காரன் மணித்தியாலக் கணக்கில் வாடகை வாங்குகிறான். ஆளைப் பிடித்துக் கொடுத்த முகவன் அந்த ஆளின் சம்பளத்தில் மாதந்தோறும் பங்கு வாங்குகிறான். அந்த முகவனுக்கு ஊரிலே ஆள் சேர்த்தவன் அதற்கு முன்பே வாங்கிவிட்டான். ஏணியில் ஏறிக் குமிழைப் பார்த்தவனோ, அனுமதிப் பத்திரம் இல்லாத காரணத்தால், தான் பார்த்த வேலைக்குக் கையெழுத்திடவும் உரிமையற்றவன். கையெழுத்து இன்னொருவனுடையது, கையெழுத்துக்குரிய சம்பளமும் அவனுடையது. எழுதப் படிக்கத் தெரிந்த சமூகமொன்று தன் பிள்ளைகளை நகை அடகுவைத்து இத்தகைய வாசல்களுக்கு அனுப்புவதையும், உழைப்பைத் தொட்டுமறியாத கைகள் நடுவழியில் அதனைப் பிய்த்துத் தின்பதையும் விதியென்று நாம் பொறுத்துக்கொண்டிருப்பது பெரும் அநீதி. அவர் ஊர் திரும்பியபோது கையிலிருந்த பணம் இந்தக் கூரைக்குப் போதியதாயிருந்தது, வேறொன்றுக்கும் போதவில்லை.

புயலின் பின் அவர் ஊர் இளைஞரைக் கூட்டி, வெள்ளத்தில் ஹெலிகொப்டர் வருமானால் இறங்க ஏற்ற இடத்தைத் தெரிவு செய்திருக்கிறார். மாலையில் எங்களையும் அங்கே அழைத்துப் போனார். மேட்டுநிலம், மாரியிலும் இறுகியிருப்பது, மரமில்லாதது. ஒரு ஓரத்தில் போகும் மின்கம்பி விமானியின் கண்ணுக்குப் படாதாகையால் அதில் சிவப்பு அடையாளம் கட்டவேண்டுமென்று என் நண்பரைக் கொண்டு விண்ணப்பம் எழுதுவித்தார். தளர்ந்த தகரம் ஒன்றும் சுற்றாடலில் கிடக்கக்கூடாது, இறக்கைக் காற்றில் அது வாளாகிவிடும். உள்ளிருப்பவர் கைகாட்டும்வரை யாரும் கிட்டப்போகக்கூடாது. முன்புறமாக, விமானியின் கண்ணில் படும்படி நடந்து, கதவுக்குச் செல்லவேண்டும். வால்பக்கம் ஒருவனும் போகலாகாது. காற்றின் திசையைக் காட்டப் புகை வேண்டுமே, மழைக்குள் என்ன எரியும் என்று ஒரு பையன் கேட்டான். பழைய லாண்ட்மாஸ்டர் டயர் ஒன்றையும் போத்தலில் மண்ணெண்ணெயையும் கராஜின் பரணில் எடுத்து வைத்திருக்கிறேன் என்றும், அதை வேறு தேவைக்கு யாரும் தொடக்கூடாது என்றும் அவர் சொன்னார்.