எதுக்கு சார் வர்க்கம்?

ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் ஆயத்தொலை வடிவியலை நான் விரும்பி நடத்துவேன். காரணம், அது சுலபம். எக்ஸ் மதிப்புகளைக் கழித்து வர்க்கப்படுத்து, ஒய் மதிப்புகளைக் கழித்து வர்க்கப்படுத்து, இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடு. இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவு வந்துவிடும். ஒரே பீரியடில் பாடம் முடிந்துவிடும். அந்தச் சூத்திரம் எனக்கே புரிந்திருக்கவில்லை என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

எதற்கு வர்க்கம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். "கழிக்கும்போது மைனஸ் வரும். தொலைவு மைனஸில் இருக்குமா? அதைப் போக்கத்தான்." பிள்ளைகள் தலையாட்டுவார்கள். ஒருவன் மட்டும் ஆட்டவில்லை. "மைனஸ்தான் பிரச்சினைன்னா அதை விட்டுட்டு நம்பரை மட்டும் கூட்டிக்கலாமே சார்? எதுக்கு வர்க்கம், அப்புறம் மூலம்?" என்றான். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "புக்ல உள்ளதைப் போடு. மார்க் வேணுமா, வேணாமா?" என்றேன். வகுப்பு சிரித்தது. அதற்குப் பிறகு அவன் கேள்வி கேட்டதாக நினைவில்லை.

இன்னொன்றும் உண்டு. முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதைக் கழித்து எழுதியவர்களுக்கு, முறை மாறிவிட்டது என்று அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன். வர்க்கப்படுத்தினால் மைனஸ் போய்விடும் என்று சொன்னவனே நான்தான். பிறகு எதை எதிலிருந்து கழித்தால் என்ன? என் விளக்கத்தை நானே நம்பவில்லை போலிருக்கிறது.

பாடநூலில் சூத்திரத்துக்கு மேலேயே படம் இருக்கும். பரீட்சைக்கு வராது என்று அதைத் தாண்டிவிடுவேன். கூரையில் ஊர்ந்த ஈயைப் பார்த்து டெகார்ட்டே அச்சுகளைக் கண்டுபிடித்தார் என்ற ஆதாரமில்லாத கதைக்கு மட்டும் நேரம் இருந்தது.

எனக்கு உறைத்தது வீட்டு அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டியபோதுதான். கொத்தனார் மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே டேப் பிடித்தார். 5 அடி வந்தால் மூலை சரி. கரும்பலகையில் நான் எழுதி எழுதி அழித்த எண்கள்! (1, 2), (4, 6) என்ற புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் 3, மேலே 4. இரண்டு அச்சுகளும் செங்குத்தாக இருப்பதால் அங்கே ஒரு செங்கோண முக்கோணம் உருவாகிறது. நாம் தேடும் தொலைவு அதன் கர்ணம். 3-இன் மேல் வரையும் சதுரம் 9, 4-இன் மேல் வரையும் சதுரம் 16. கர்ணத்தின் மேல் வரையும் சதுரம் 25, அதன் பக்கம் 5. முந்தைய பாடத்தில் நானே நடத்திய பிதாகரஸ் தேற்றம்தான் இது. மைனஸ் போவது வழியில் கிடைக்கும் லாபம், அவ்வளவே.

அந்தப் பையனின் யோசனையும் மட்டமானதல்ல. அவன் சொன்னபடி கூட்டினால் 7 வரும். புதுச்சேரியின் பழைய நகரம்போலக் கட்டம் கட்டமாகத் தெருக்கள் உள்ள ஊரில் நடப்பவருக்கு அதுதான் தூரம். கணிதத்தில் அதற்கு டாக்சி தூரம் என்றே பெயர் உண்டு. ஐன்ஸ்டைனுக்கு ஆசிரியராக இருந்த மின்கோவ்ஸ்கியின் பெயரோடும் அதைச் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் அச்சுகளைத் திருப்பினால் அந்தக் கூட்டல் மாறிவிடும். 5 அலகு நீளக் குச்சியை அச்சோடு படுக்கவைத்தால் 5, மேலே சொன்னபடி சாய்த்துவைத்தால் 7. குச்சி என்னவோ வளரவில்லை. வர்க்கங்களின் கூடுதல்தான் எப்படித் திருப்பினாலும் 25-ஆகவே நிற்கிறது. அவன் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். வரைபடத்தாளும் அடிக்கோலும் இருந்தால் பத்து நிமிடத்தில் காட்டியிருக்கலாம்.

என்னிடம் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால்: மைனஸைப் போக்குவதற்காக வர்க்கம் எடுக்கவில்லை. நான் சொன்னது தவறு. அந்த அரை மதிப்பெண்ணைக் குறைத்ததும் தவறு.