பூனைன்னு பேரு, பூனையே இல்லை!

சாலைன்னா திருவனந்தபுரத்துக்காரங்களுக்கு ரோடு இல்லீங்க, கடைத்தெரு. திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் உண்டாக்கினது. பாதி மலையாளம், பாதி தமிழ். நான் வளர்ந்தது அங்கேதான். நாட்டு மருந்துக் கடைகளைத் தாண்டும்போது சுக்கு, திப்பிலி, சந்தனம் எல்லாம் கலந்து ஒரு வாசனை வரும். புனுகுங்கிற வார்த்தையை முதல்ல கேட்டதும் அங்கேதான். பேரு தெரியும், வாசனை தெரியும். அதைத் தர்ற ஜீவன் எப்படி இருக்கும்னு எங்க தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது.

இங்கே டொரண்டோவில் நம்மூர் நண்பர் ஒருத்தர், "பூனை தின்னு கழிச்ச கொட்டையில் காப்பி போடுறாங்களே, அதுதானே புனுகுப்பூனை?"ன்னு கேட்டார். இல்லை, அது மரநாய். ரெண்டும் சொந்தக்காரங்க, ஆனா ஆள் வேற. மரநாய் மரத்திலும் வீட்டுக் கூரையிலும் திரியும், வாலில் வளையம் கிடையாது. புனுகுப்பூனை பெரும்பாலும் தரையில்தான். ரெண்டுமே பூனைக் குடும்பம் இல்லைங்கிறது இன்னொரு வேடிக்கை :-)

சின்னப் புனுகுப்பூனை ரெண்டுலேர்ந்து நாலு கிலோ இருக்கும். சாம்பலும் பழுப்பும் கலந்த உடம்பு, முதுகில் நீளக் கோடுகள், விலாவில் வரிசையா புள்ளிகள், வாலில் கறுப்பு வளையங்கள். பகலில் பொந்திலோ புதரிலோ தூங்கும். ராத்திரி தனியா கிளம்பி எலி, பூச்சி, பாம்பு, குருவி, பழம்னு கிடைச்சதைத் தின்னும். வாலுக்கடியில் இருக்கிற சுரப்பியில் ஊறுறதுதான் புனுகு. அதைக் கல்லிலும் கட்டையிலும் தேய்ச்சுட்டுப் போகும். "நான் இங்கே இருக்கேன்"னு தன் இனத்துக்குச் சொல்ற சேதி அது.

அந்தச் சேதியைத்தான் நாம காசாக்கினோம். கூண்டில் அடைச்சு, உள்ளே ஒரு கட்டையை நட்டு, அது தேய்ச்சதை வழிச்சு எடுக்கிறது. இல்லேன்னா சுரப்பியையே பிதுக்குறது. அந்த வாசனைக்கு மூலமான சிவெட்டோனோட அமைப்பை 1926-லேயே ருஸிக்கா கண்டுபிடிச்சாச்சு (1939-ல் வேதியியல் நோபல் வாங்கினவர்). இப்போ செயற்கையாவே கிடைக்குது. இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பும் இருக்கு.

மனசை உறுத்துறது இன்னொண்ணு. நம்ம மேற்குக் கரையில் மலபார் புனுகுப்பூனைன்னு பெரிசா ஒரு இனம். 1862-ல் எட்வர்ட் பிளைத் பேர் வச்சார். 2006, 2007-ல் கேமரா வச்சுத் தேடியும் ஒரு படம்கூட விழலை. புனுகு வியாபாரத்துக்காக வெளியூரிலிருந்து கொண்டுவந்து, இங்கே தப்பிச்ச இனமாக்கூட இருக்கலாம்னு 2010-ல் ரெண்டு ஆய்வாளர்கள் எழுதினாங்க. சொந்த ஊர்க்காரனா வந்தவனான்னு விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள ஆளையே காணோம்!

சின்னது இன்னும் நம்ம ஊர்ல இருக்கு. ராத்திரி ரோட்டில் வளைய வால் ஒண்ணு குறுக்கே போனா, வண்டியை மெதுவாக்கி வழி விடுங்க. புனுகு வாங்குற பழக்கம் வீட்டில் இருந்தா, கூண்டைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லி வைங்க.