பாளை சீவும் கை

வெள்ளகோவிலிலிருந்து மூலனூர் போகும் வழியெங்கும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்கள். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம், வேலியோரம் பனை. மழை குறைந்த இந்த மண்ணில் யாரும் தண்ணீர் கட்டாமல், எரு வைக்காமல் வளர்ந்த மரங்கள். பனைகள் கோடை முழுக்கச் சாறு கொடுப்பவை.

பங்குனி வெயில் ஏறுமுன் ஒரு பனையேறியோடு காட்டுக்குள் போனேன். அறுபதைத் தாண்டியவர். தளநாரைக் காலில் மாட்டியவர், நான் அண்ணாந்து பார்ப்பதற்குள் மட்டைகளுக்கு நடுவே இருந்தார்.

கீழே நிற்பவருக்கு ஏறுவதுதான் வித்தை என்று தோன்றும். வித்தை மேலே இருக்கிறது. இளம் பாளையைக் கட்டி, கடிப்புக் கட்டையால் நாள்தோறும் இதமாக நசுக்கிப் பழக்க வேண்டும். பிறகு காலையும் மாலையும் நுனியைச் சீவ வேண்டும். சீவல் தவறினால் வாய் அடைத்துக்கொள்ளும். உதிர்ந்த சீவலொன்றை எடுத்துப் பார்த்தேன். வெங்காயத் தோல் கனம்கூட இல்லை.

"கனமாச் சீவுனா பாளை சீக்கிரம் தீந்துரும் தம்பி. சும்மா தடவிவுட்டா சாறு எறங்காது. அந்தப் பதம் கைக்குத்தான் தெரியும்" என்றார்.

இறக்கிய முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசியிருந்தது. சட்டத்தின் எல்லைக்கோடு அந்தப் பூச்சுதான். சுண்ணாம்பு இருந்தால் சாறு புளிக்காது, அது தெளுவு. இல்லையென்றால் சில மணி நேரத்திலேயே ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்கிவிடும், அது கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை.

அதனால் இவருக்கு மிஞ்சியது கருப்பட்டி. சாளையில் அவர் மனைவி காய்ந்த பனைமட்டையை அடுப்பில் தள்ளிக்கொண்டிருந்தார். பொங்கி வந்த நுரை, நுணுக்கிய ஆமணக்கு விதையைப் போட்டதும் அடங்கியது. மணிக்கணக்கில் கிண்டி, பாகைத் தண்ணீரில் சொட்டுவிட்டுப் பதம் பார்த்து, கொட்டாங்குச்சிகளில் ஊற்றினார். பத்து லிட்டர் தெளுவு வற்றினால் ஒரு கிலோவும் சொச்சமும் தேறும். சந்தையில் அது சர்க்கரை கலந்த போலிக் கருப்பட்டியோடு விலையில் மல்லுக்கட்ட வேண்டும். கள்ளாக விற்க முடிந்தால் விறகும் வேண்டாம், அடுப்படி வேக்காடும் வேண்டாம்.

இதே சாற்றை வேறு விதமாக மதிக்கும் ஊர் தூரத்தில் இல்லை. யாழ்ப்பாணத்தில் கள் சட்டபூர்வமானது. வடமராட்சியின் திக்கம் வடிசாலை அதைக் காய்ச்சிப் பனஞ்சாராயம் வடித்தது. இலங்கை அரசு 1978-இல் பனை அபிவிருத்திச் சபையையே அமைத்தது. வேறு சாறுகளில் வடித்த நாட்டுச் சாராயங்களுக்கும் இப்படி மதிப்பு உண்டு. கோவாவின் முந்திரி ஃபெனி 2009-இல் புவிசார் குறியீடு பெற்றது. மெக்சிகோவின் சிவாவா பாலைநிலத்தில், காட்டில் தானாக வளரும் சோட்டோல் செடியின் அடிப்பகுதியைக் குழியடுப்பில் சுட்டு, நசுக்கி, நொதிக்கவைத்து வடிக்கிறார்கள். பெரும்பாலும் பீப்பாயில் ஊறவைக்காமல் தெளிவாகவே குடிக்கும் அந்தச் சாராயத்துக்கு 2002-இல் பிறப்பிடப் பாதுகாப்பு கிடைத்தது. ஒரு காலத்தில் மறைந்து காய்ச்சியவர்களின் பிள்ளைகள் இன்று புட்டியில் தங்கள் ஊர்ப்பெயரைப் போட்டு விற்கிறார்கள்.

சாராயம் என்றால் நமக்கு அச்சம் வருவது நியாயமே. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது மெத்தனால். பனையில் இறங்கிய சாறு அல்ல. குடியால் அழியும் குடும்பங்களை நானும் பார்க்கிறேன். ஆனால் ஆலைச் சரக்கை அரசே கடை வைத்து விற்கும் மாநிலத்தில், பனையேறியின் முட்டியை மட்டும் குற்றப்பொருளாக்குவதில் எந்த அறமும் இல்லை.

"பையன் பல்லடத்துல தறிக்குப் போறான். இது வேண்டாம்னு நாந்தான் சொன்னேன்" என்றார் பெரியவர்.

பனை நம் மாநில மரம். அதை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. ஊரெங்கும் பனைவிதை நடுகிறார்கள். நல்லதுதான். இன்று நட்ட விதை பாளை விடப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாவது ஆகும். அதற்குள் சீவத் தெரிந்த கை இருக்காது. மரத்தைக் காக்கும் அரசு, ஏறுகிறவரையும் காக்கட்டும். மரத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கள் உரிமத்தைப் பனையேறிகளிடமே கொடுக்கட்டும். கள்ளிலிருந்து சாராயம் வடிப்பதை அவர்களின் கூட்டுறவுச் சங்கம் சோதனைக்கு உட்பட்டுச் செய்யட்டும். அந்தத் தொழிலில் வீட்டுச் செலவு போக நாலு காசு மிஞ்சினால், தறிக்குப் போன பையன்களில் சிலராவது தளநாரை எடுப்பார்கள்.