பன்னிரண்டு நிமிட எல்லை

சிகாகோவின் தெற்குப் பக்கத்தில், வென்ட்வொர்த் அவென்யூவிலிருந்து கிழக்கே காட்டேஜ் குரோவ் அவென்யூ வரை இரண்டு கிலோமீட்டர். நிதானமாக ஓடுகிறவருக்கே பன்னிரண்டு நிமிடம்தான். ஒரு காலத்தில் நகரத்துக் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் இந்த அகலத்துக்குள்தான் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். செயின்ட் கிளேர் டிரேக்கும் ஹொரஸ் கேட்டனும் எழுதி 1945இல் வெளிவந்த ‘பிளாக் மெட்ரோபோலிஸ்’ கணக்குச் சொல்கிறது: ஏழு மைல் நீளம், ஒன்றரை மைல் அகலம், உள்ளே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர். படிக்கும்போது அது வெறும் எண். ஓடிப் பார்த்தால், உடம்பு சூடேறுவதற்குள் எல்லை வந்துவிடுகிறது.

புரோன்ஸ்வில் என்பது இந்தப் பகுதிக்கு அந்த மக்களிடையே வழங்கிய பெயர். வெண்கல நிறத்தவரின் ஊர். இங்கே புத்தகத்தையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு ஓடியும் சைக்கிள் மிதித்தும் சுற்றலாம். வழி தவறவும் வாய்ப்பில்லை. கிழக்கு மேற்காக ஓடும் தெருக்களுக்கு எண்தான் பெயர். எட்டுத் தெரு தாண்டினால் ஏறக்குறைய ஒரு மைல்.

கிங் டிரைவ் சாலையில் 26ஆம் தெருவை ஒட்டி ஒரு வெண்கல மனிதர் நிற்கிறார். அலிசன் சார் 1996இல் செய்த சிலை. தூரத்திலிருந்து பார்த்தால் கோட்டு சூட்டு. கிட்டே போனால்தான் தெரியும், அத்தனையும் தேய்ந்த செருப்பு அடிகள். மீன் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. கையில் கயிறு கட்டிய பெட்டி. முகம் வடக்கு பார்த்திருக்கிறது. மிசிசிப்பியிலிருந்தும் மற்ற தென் மாநிலங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி, உயிருக்குப் பயந்து ரயிலேறி வந்த லட்சக்கணக்கானோரின் நினைவுச் சின்னம் இது. ஓடிக் களைத்தவர் நின்று பார்க்க இதைவிடப் பொருத்தமான சிலை உலகில் இருக்குமா, தெரியவில்லை.

33ஆம் தெருவில் பில்கிரிம் பாப்டிஸ்ட் தேவாலயம். அட்லர், சல்லிவன் வடிவமைப்பில் 1891இல் யூதர்களின் தொழுகைக்கூடமாக எழுந்த கட்டடம். 1922இல் கறுப்பினச் சபையிடம் வந்தது. காஸ்பல் இசையின் தந்தை எனப்படும் தாமஸ் டார்சி பல பத்தாண்டுகள் இங்கேதான் பாடகர் குழுவை நடத்தினார். 2006 ஜனவரியில் கூரைப் பழுதுபார்ப்பின்போது பிடித்த தீயில் உள்ளே இருந்த அனைத்தும் போயிற்று. எஞ்சியவை கற்சுவர்கள்.

இன்னும் தெற்கே, கிங் டிரைவிலேயே ஐடா பி. வெல்ஸ் வாழ்ந்த கல்வீடு. 1893 சிகாகோ என்றதும் நமக்கு விவேகானந்தர்தான் நினைவுக்கு வருவார். அதே ஆண்டு அதே ஊரில், உலகக் கண்காட்சி கறுப்பினத்தவரை ஒதுக்கியதைக் கண்டித்து ஃபிரெடெரிக் டக்ளஸோடு சேர்ந்து சிறுநூல் வெளியிட்டவர் இந்தப் பெண்மணி.

சைக்கிளில் வந்தவர்கள் ஏரிக்கரைக்குத் திரும்புவது நல்லது. 29ஆம் தெருவுக்கு நேரே, பாதையோரம், பெயர்ப்பலகை பதித்த ஒரு பாறை. 1919 ஜூலை 27 அன்று யூஜீன் வில்லியம்ஸ் என்ற பதினேழு வயதுப் பையன் மிதவையில் விளையாடிக்கொண்டிருந்தான். தண்ணீரிலும் ஒரு கோடு இருந்தது, யாரும் வரையாத கோடு. மிதவை வெள்ளையர் பக்கம் நகர்ந்தது. கரையிலிருந்து ஒருவன் கல்லெறிந்தான். பையன் மூழ்கிப் போனான். கல்லெறிந்தவனைப் போலீஸ்காரர் கைது செய்ய மறுத்தார். அதில் மூண்ட கலவரத்தில் 38 பேர் செத்தார்கள், அவர்களில் 23 பேர் கறுப்பினத்தவர். அதைப் பற்றி ஈவ் எவிங் எழுதிய கவிதைத் தொகுப்புக்குப் பெயரே ‘1919’. அவ்வளவுக்கும் இந்தப் பாறை வந்தது 2009இல்தான். சற்றுத் தெற்கே, அடிமை முறையோடு சமரசம் பேசிய செனட்டர் ஸ்டீஃபன் டக்ளஸின் கல்லறைத் தூண் வானுயர நிற்கிறது. எதற்கு எவ்வளவு கல் என்பதை ஒவ்வொரு ஊரும் ஏதோ ஒரு கணக்கில்தான் தீர்மானிக்கிறது.

மீண்டும் ஊருக்குள் வந்து தெற்கே போனால் 48ஆம் தெருவில் ஹால் நூலகம், 1932இல் திறந்தது. விவியன் ஹார்ஷ் நூலகராக இருந்து கறுப்பின வரலாற்று நூல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட்டும், பின்னாளில் புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினக் கவிஞர் க்வென்டலின் புரூக்ஸும் வந்துபோன இடம்.

61ஆம் தெருவை நெருங்கும்போது அந்தக் கால எல்லை இன்னும் உள்ளே ஒடுங்கியிருந்தது. அங்கே அப்போது கிங் டிரைவைத் தாண்டினாலே வெள்ளையர் பகுதி. கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று வீட்டுக்காரர்கள் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்திருந்தார்கள். 1937இல் கார்ல் ஹான்ஸ்பரி அங்கே வீடு வாங்கிக் குடியேறினார். கும்பல் திரண்டது. உள்ளே வந்து விழுந்த கல் ஒன்று அவருடைய சின்ன மகள் லொரெய்ன்மேல் படாமல் தப்பியது. அவர் வளர்ந்து எழுதிய ‘எ ரெய்சின் இன் த சன்’ நாடகம் 1959இல் பிராட்வேயில் அரங்கேறியது.

கிங் டிரைவிலிருந்து அந்த வீடு மூன்றாவது தெருவில் இருக்கிறது. சைக்கிளில் ஒரு நிமிடம். அங்கே குடியிருக்க ஹான்ஸ்பரி உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தனியார் வீடு, எதிர்ச்சாரியில் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டு வரலாம்.